கோயில் மடைப்பள்ளியும் அடியார் பந்தியும்

தலயாத்திரை போய் மீண்டவரைக் கண்டால் நாம் முதலில் வினவுவது, "எந்தெந்தக் கோயில்களைக் கண்டீர்கள்?" என்பதே. கோபுரம் எத்துணை உயரம், மண்டபத்திலே தூண்கள் எத்தனை, தீர்த்தங்கள் எவை என்றெல்லாம் ஆர்வத்தோடு கேட்கின்றோம். "சாப்பாடு எப்படி?" என்னும் கேள்வி பின்னர்ச் சற்றுத் தாழ்ந்த குரலிலே வரும். கோயிலைப் பேசுதல் பத்தி என்றும், சோற்றைப் பேசுதல் பசியின் வேலை என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அப்பழக்கம் பொருந்தாது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். பழம்பெருங் கோயில் ஒன்றை முழுமையாக அறிய விரும்புவோர் அதன் கருவறையைத் தரிசித்த பின்னர் மடைப்பள்ளிப் பக்கமும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். 'மடை' என்பது கடவுளுக்குப் படைக்கும் உணவு. அதனை ஆக்கும் இடம் மடைப்பள்ளி. பெரும்பாலான கோயில்களில் அது தென்கிழக்காகிய அக்கினி மூலையிலே அமைந்திருக்கும்.

எம் பாட்டன்மார் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து இரயில் வண்டியிலே சிதம்பரம் சென்றனர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு நடந்த கப்பற் போக்குவரத்தும் 1980களிலே எமது நாட்டுப் போரினால் நின்றுபோயிற்று. நெடுங்காலத்தின் பின்னர், 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமான வழியும், 2023 ஒக்டோபரிலே காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்குமிடையே கப்பல் வழியும் திறக்கப்பட்டன. இடையிடையே தடைப்பட்டாலும், அடைபட்டிருந்த வாயில் திறந்தது திறந்ததே. அவ்வாயில் வழியாக எமது கல்லூரியின் ஆசிரியர் மூவரும் பழைய மாணவர் ஐவருமாக நாகப்பட்டினத்தில் இறங்கி, சோழநாடும் தொண்டைநாடும் பாண்டிநாடும் பன்னிரண்டு நாளிலே சுற்றிவந்தோம். சென்ற வழியை நாள்முறையாக ஈண்டு எழுதப் போவதில்லை. எதைச் சமைத்தனர், எவ்வளவு அளந்தனர், எவர்க்கு இட்டனர் என்னும் மூன்று வினாக்களைக் கொண்டே கண்டவற்றை வகுத்துக் கூறுவோம்.

எதைச் சமைத்தனர்?

சிதம்பரத்திலே நடராசப் பெருமானைத் தரிசித்து வெளிவந்தபோது எமக்குக் கிடைத்த பிரசாதம் சம்பா சாதம். சம்பா அரிசிச் சோற்றிலே நெய்யும், வறுத்துப் பொடித்த மிளகும் சீரகமும் உப்பும் சேர்த்துப் பிசைந்தது அது. கூடவே உண்பதற்கு அவ்வூரார் கத்தரிக்காய்க் கொத்சு ஆக்குவர். எம்முடன் வந்த பழைய மாணவர் ஒருவர், யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் உறைப்பிலே ஊறியவர், ஒரு கவளம் உண்டதும், "வாத்தியார், இதிலே செத்தல் மிளகாய் போட மறந்துபோனார்கள் போலும்" என்றார். அவர் விளையாட்டாகக் கூறிய அச்சொல்லே எமக்கு ஒரு பாடத்தின் தொடக்கமாயிற்று.

மறந்தவர் எவருமிலர். சம்பா சாதம் மிளகாயை அறியாத காலத்து மரபிலே வந்தது. மிளகாய் எமது மண்ணின் பயிரன்று. அது அமெரிக்கக் கண்டத்திலே தோன்றிப் பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசர் வழியாக இந்நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயரே இவ்வரலாற்றைச் சொல்லும். மிளகைப் போல உறைக்கும் காய் ஆதலின் 'மிளகு காய்' என நின்று, 'மிளகாய்' என மருவிற்று. உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. இல்லங்களின் அடுக்களை இவற்றை வரவேற்றுக் கொண்டது. பழைய மரபைப் போற்றும் கோயில் மடைப்பள்ளிகளோ இவற்றை இன்றும் உள்ளே விடுவதில்லை. ஆகவே, மாமன்னர் காலத்துத் தமிழர் உணவு எத்தகைய சுவையினது என அறிய விரும்புவோர்க்கு நூல்நிலையத்தைக் காட்டிலும் மடைப்பள்ளி அணித்தான சான்றாகும். ஏடு செல்லரித்துப் போகலாம். நாடோறும் சமைக்கப்படும் சோறு நாடோறும் புதிதாய்ப் படியெடுக்கப்படும் சுவடி போன்றது.

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டலியும் இதற்குச் சான்று. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவிலே மிளகு, சீரகம், சுக்கு, நெய் முதலியன கூட்டி, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையிலே வார்த்து, நீராவியில் நெடுநேரம் வேகவைப்பர். வெந்தபின் உருண்டு நீண்ட வடிவிலே குடலையிலிருந்து வெளிவரும் அதனைத் துண்டு துண்டாக அரிந்து தருகின்றனர். குடலையைக் கண்டவுடனே எமக்கு எம் வீட்டு அடுப்பங்கரையிலே பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டி நினைவுக்கு வந்தது. மூங்கில் உள்ள ஊரிலே மூங்கிலும், பனை உள்ள ஊரிலே பனையோலையும் நீராவியை ஏந்துகின்றன.

மதுரைக்கு வடக்கே, திருமாலிருஞ்சோலை எனப் பெயர்பெற்ற அழகர்கோயிலிலே தோசை பிரசாதமாகும். உணவுக் கடைகளின் மெல்லிய தோசையை நினைத்துக் கொண்டு சென்றால் வியப்படைவீர்கள். கனமாகவும் மொறுமொறுப்பாகவும் நெய்யிலே பொரித்தெடுத்த அதனிலும் மிளகே உறைப்பு. பிரசாதம் தந்தவர் எம் பேச்சைக் கேட்டு ஊரை விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றதும் நகைத்து, "சட்னி கேட்காதீங்க சார், இதுக்கு அது வேண்டாம்" என்றார். உண்மையே, வேண்டியிருக்கவில்லை.

இத்தலத்தோடு இணைந்த மற்றோர் உணவும் உண்டு. அது அக்காரவடிசில். அரிசியைப் பாலிலே குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து ஆக்கும் இனிய அடிசில் அது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியிலே திருமாலிருஞ்சோலைப் பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்து கொண்டார். அந்நேர்த்தியைப் பின்னாளிலே இராமாநுசர் நிறைவேற்றினார் என்றும், அதன்பின் அவர் திருவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை 'அண்ணா' என அழைத்தார் என்றும் வைணவ மரபு கூறும். ஒருவர் நேர்ந்ததை வேறொருவர் நூற்றாண்டுகள் கழிந்து செலுத்தியமையால், அவர்களிடையே உடன்பிறப்புறவு உண்டாயிற்று. அடிசில் ஒன்று உறவை ஆக்கிய வரலாறு இது.

கும்பகோணத்தை அடுத்த ஒப்பிலியப்பன் கோயிலிலே நிவேதனம் யாவும் உப்பின்றியே ஆக்கப்படும். இளம் பருவத்தளாகிய தன் மகளுக்கு உப்பிட்டுச் சமைக்கவும் தெரியாதே என மார்க்கண்டேய முனிவர் தயங்கியபோது, உப்பில்லா உணவே தமக்கு உவப்பு எனப் பெருமான் அவளை ஏற்றருளினார் என்பது தலவரலாறு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழியோடு வளர்ந்த நாம், உப்பில்லாப் பண்டத்தைக் கண்ணில் ஒற்றி வாங்கி உண்டோம். அவ்வூரிலே பின்னர் அருந்திய கும்பகோணம் காப்பியைப் பற்றியும் ஒரு சொல் கூறாவிடின் எம்முடன் வந்தோர் எம்மை மன்னியார். பித்தளைக் குவளையிலே நுரை ததும்பத் தந்த அக்காப்பி கோயிலுக்குள்ளே புகாத பிற்காலத்து வரவு. எனினும், அவ்வூரின் பாற்செல்வத்துக்கு அது நல்ல சாட்சி.

திருவரங்கத்தைக் கூறாமல் இப்பகுதியை முடித்தலாகாது. விபீடணன் இலங்கைக்குக் கொண்டுவர விரும்பிய திருமேனி காவிரிக் கரையிலே நிலைபெற்றது என்றும், அவன் பொருட்டே அரங்கநாதர் தென்றிசை நோக்கிப் பள்ளிகொண்டார் என்றும் கூறுவர். ஆதலின் எம் நாட்டவர்க்கு அங்கே ஒரு தனியுரிமை உண்டென எண்ணி மகிழ்ந்தோம். ஏழு திருச்சுற்றுகளும், 1987இல் நிறைவுற்ற இராசகோபுரமும் யாவரும் அறிந்தவை. அங்கே பெருமாளுக்கு நாடோறும் புதிய மட்பாண்டங்களிலே தளிகை சமர்ப்பிக்கும் வழக்கத்தை அறிந்தோர் சிலரே. புதிய பானை நாடோறும் வேண்டுமெனின், குயவர் தெருவிலே சக்கரம் நாடோறும் சுழலவேண்டும் அன்றோ? கோயில் ஒன்று எத்தனை தொழிலைத் தாங்கிநிற்கின்றது என்பதற்கு ஒரு பானையே போதிய விளக்கம்.

அக்கோயிலிலே மற்றோர் அரிய வழக்கமும் உண்டு. பெருமாளிடத்து அன்பு கொண்ட முசுலிம் இளவரசி ஒருத்தியைத் துலுக்க நாச்சியார் எனப் போற்றி, அவள் பொருட்டுக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நிவேதிக்கின்றனர். நெல் விளையும் காவிரி நாட்டிலே, நெல்லையே உண்ணும் மக்களிடையே, வேற்றுச் சமயத்து மகள் ஒருத்திக்காக அவள் நாட்டு உணவைச் செய்து படைக்கின்றனர். வரலாற்றாசிரியர் அக்கதையை எவ்வாறு ஆராயினும் ஆராய்க. அந்த ரொட்டி உண்மை. அது நாள்தோறும் அடுப்பிலே வேகின்றது.

எவ்வளவு அளந்தனர்?

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராச சோழன் கட்டி, 1010ஆம் ஆண்டிலே விமானத்தின் உச்சிக் கலசத்தை ஈந்தான். விமானத்தை அண்ணாந்து நோக்கிக் கழுத்து வலி கண்ட பின்னர், நாம் தலையைத் தாழ்த்தி அதன் அடித்தளத்தை நோக்குதல் வேண்டும். அங்கே வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டுகளுட் பெரும்பகுதி கணக்கு. எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்கவேண்டும், எவர்க்கு எவ்வளவு பங்கு, திருவமுதுக்குப் பழவரிசி எவ்வளவு, நெய், பருப்பு, மிளகு, தயிர், சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு எவ்வளவு என்பன வரையறுக்கப்பட்டுள்ளன. அரசனும் அவன் அக்கன் குந்தவையும் அளித்த கொடைகளோடு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும் இருப்பிடமும் அவரவர்க்குரிய பங்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பேரரசன் பெயர் நின்ற அதே கல்லிலே கூத்தாடிய பெண்ணின் பெயரும் நின்றமை எண்ணுதற்குரியது.

அக்காலத்து அளவைகளை எம் மாணவர் இன்று மறந்துவிட்டனர். நான்கு உழக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆகவே ஒரு கலத்திலே 96 நாழி உண்டு. தஞ்சைக் கோயிலிலே நெல் அளந்த மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. தில்லையிலே ஆடும் பெருமானின் பெயரையே நெல் அளக்கும் கருவிக்கு இட்டனர். அளவையிலே வஞ்சனை செய்பவன் அப்பெயரைக் கையிலே பிடித்துக்கொண்டே வஞ்சிக்கவேண்டும். அதற்கு எவன் துணிவான்?

விளக்குக்கு நெய் வந்த முறையும் நயமுடையது. ஒரு நந்தாவிளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதன் பொருட்டு 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பர். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுக் கூறும். சாவாத ஆடும் மூவாத ஆடும் உலகத்தில் இல்லை. ஆயினும், இறப்பனவற்றுக்கும் முதிர்வனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமற் காத்தல் இடையரின் கடன். ஆதலின் ஆடு சாகும், மந்தை சாகாது. இதை எழுதும்போது எமக்குக் கல்லூரியின் நினைவும் உடன் எழுகின்றது. மாணவர் வருவர், போவர்; வகுப்பு என்றும் நிறைந்தேயிருக்கும்.

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம் என்னும் ஊர்க்குச் செல்வோர் சிலரே. சிதம்பரத்திலிருந்து காஞ்சிக்குப் போகும் வழியிலே யாம் விரும்பி அங்குச் சென்றமைக்கு ஆசிரியத் தொழிலே காரணம். அவ்வூர்ப் பெருமாள் கோயிலிலே முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரி ஒன்றைப் பற்றிய கல்வெட்டு உண்டு. இளைய மாணவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இளைய மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு நெல் ஆறு நாழி. எம்மோடு வந்த கணித ஆசிரியர் அவ்விடத்திலேயே கணக்கிட்டு, இளையோர்க்கு மாத்திரம் நாடோறும் ஏறக்குறைய 17 கலம் நெல் வேண்டும் என்றார். விடுதி நடத்திய எவர்க்கும் அவ்வெண்ணின் பாரம் விளங்கும். காஞ்சியை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிலே, வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, கோயிலைச் சார்ந்த கல்லூரியோடு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையையும் கூறும். கோயில், கல்வி, மருத்துவம், உணவு ஆகிய நான்கும் ஒரே நெற்குவியலிலிருந்து அளக்கப்பட்டன.

பெருமையை மாத்திரம் சொல்லி நிறுத்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. இக்கல்லூரிகளிலே உண்டு கற்றோர் வேதம் முதலியன ஓதும் உரிமை பெற்றோரே. நெல்லை விளைத்தவனின் மகனுக்கு அப்பந்தியிலே இடம் இருந்ததில்லை. அளவு நன்றாயிருந்தது; பந்தி குறுகியிருந்தது. இதனால் மூன்றாம் வினா தானே எழுகின்றது.

எவர்க்கு இட்டனர்?

மதுரையிலே ஆவணி மூலத் திருநாளிலே பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கொண்டாடுகின்றனர். வைகை பெருகியது, ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் பங்கு கரையை அடைக்கவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. சுற்றமில்லாதவளாகிய வந்தி என்னும் முதியவள் பிட்டு விற்றுப் பிழைப்பவள். கூலியாளாக வந்த சிவபெருமான் உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று, உண்டு, ஆடி, வேலையை மறந்து உறங்கினார். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அவன் முதுகிலும், ஊரார் முதுகிலும், எல்லா உயிர்கள் மீதும் பட்டது. காலையும் மாலையும் பிட்டு உண்ணும் யாழ்ப்பாணத்தார்க்கு இக்கதை மிக அணித்தானது. உதிர்ந்த பிட்டு அவளது. பட்ட அடி எல்லோரது. ஏழை ஒருத்தியின் உணவை உண்டவர்மீது விழும் அடி உலகத்தின் மேல் விழும் அடி என்பது இதன் பொருள் என யாம் கொள்கின்றோம்.

அதே மதுரையிலே, மீனாட்சியம்மன் கோயில் வாயில் நெடுங்காலம் ஒருசாராருக்கு அடைபட்டிருந்தது. 1939ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையிலே, ஒதுக்கப்பட்டிருந்தோர் சிலர் உள்ளே சென்று வழிபட்டனர். எமது குடாநாட்டுக் கோயில்கள் சிலவற்றின் வாயிலிலே இதே வழக்கு 1960களின் பிற்பகுதியிலும் நடந்தமையை நாம் மறைத்தலாகாது. பாடசாலைகளிலே சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என 1920களிலேயே இங்கு இளைஞர் குரல் எழுப்பினர். ஒரே வாங்கில் இருத்தலும் ஒரே பந்தியில் உண்ணுதலும் போராடிப் பெற்றவையே என்பதை இன்றைய மாணவர் அறிதல் நன்று.

ஈண்டு எம் வாழ்விலே நிகழ்ந்த இரண்டினைக் கூறவேண்டியிருக்கின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பாடசாலை மாணவராயிருந்த யாமும் பெற்றோருடன் நடந்தோம். மறுநாட் பகலிலே சிறு கோயில் ஒன்றின் மதிலோரம் கஞ்சி வார்த்தனர். வரிசையிலே நின்றோம். முன்னால் நின்றவர் எவர், பின்னால் நின்றவர் எவர் என அன்று ஒருவரும் வினவவில்லை. சிரட்டை இல்லாதவர் பக்கத்தாரின் சிரட்டையை வாங்கிக் குடித்தனர். அக்கஞ்சியின் சுவை இன்றும் எம் நாவிலே உண்டு.

ஆண்டுகள் பல கழிந்து, ஆசிரியராகிய பின்னர், மாணவரை அழைத்துக்கொண்டு திருவிழா ஒன்றுக்குச் சென்றோம். அன்னதான மண்டபத்திலே இலையின் முன் அமர்ந்திருந்த எம் மாணவன் ஒருவனின் தோளிலே பெரியவர் ஒருவர் கைவைத்து, "தம்பி, நீ அங்காலை இரு" என்று வெளி விறாந்தையைக் காட்டினார். பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்து, உண்ணாமலே வீதிக்குச் சென்றான். யாம் எழுந்து அவனுடன் சென்றிருத்தல் வேண்டும். சென்றிலேம். இலையிலே சோறு விழுந்துவிட்டது என்று எமக்கு நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உண்டோம். மறுநாள் வகுப்பிலே மணிமேகலையின் அமுதசுரபியைப் பற்றிப் பாடம் நடத்தினோம். மணிபல்லவத்திலே பெற்ற பாத்திரம் பசித்தவர் எவர்க்கும் உணவளித்தது என்று விளக்கினோம். அப்பிள்ளை எம் முகத்தை நோக்கவில்லை. ஆசிரிய வாழ்விலே எமக்கு வாய்த்த மிகக் கடுமையான பரிசோதகர் வருகை அதுவே.

இந்நினைவைச் சுமந்துகொண்டே இம்முறை வடலூருக்குச் சென்றோம். சிதம்பரத்துக்கு வடமேற்கே சிறிது தொலைவில் உள்ள அவ்வூரிலே, இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகின்றது. சாதி, சமயம் வினவாது பசித்தோர்க்கெல்லாம் அங்கே உணவிடுகின்றனர். யாமும் பந்தியிலே அமர்ந்தோம். இடப்பக்கம் வயல்வேலை செய்யும் முதியவர். வலப்பக்கம் பெயர் சொல்லாத வழிப்போக்கர். எளிய சோறும் குழம்புமே உணவு. பன்னிரண்டு நாட் பயணத்திலே யாம் வயிறும் மனமும் ஒருங்கே நிறைய உண்டது அங்கேதான்.

அடிகளாரின் பெயரைக் கூறியதும் எம்மவர்க்கு வேறொரு நினைவு வரும். எமது ஆறுமுக நாவலருக்கும் அவருக்குமிடையே அருட்பா பற்றி எழுந்த வாதம் அச்சேறி, நீதிமன்றம் வரை சென்றது யாவரும் அறிந்ததே. நாவலர் 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். சில கல் தொலைவிலே இருவரும் எதிரெதிர் நின்றனர். ஆயினும், யாழ்ப்பாணத்திலே 1870களின் நடுவிற் பஞ்சம் வந்தபோது, நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். எழுத்திலே உடன்படாத இருவரும் அடுப்பிலே உடன்பட்டனர். இவ்விருவர் கட்சியிலும் நின்று இன்றும் வாதிடும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

தமிழ்நாட்டுக் கோயில்களிலே 2002ஆம் ஆண்டு தொடங்கிய அன்னதானத் திட்டம் பல தலங்களிலே நாடோறும் நடைபெறுகின்றது. அப்பந்திகளிலே எவர் பெயரையும் எவரும் வினவக் கண்டிலேம். வரிசை நீளமாயிருந்தது, வெயில் கடுமையாயிருந்தது, பந்தி ஒன்றாயிருந்தது.

முடிவுரை

இனி யாத்திரை செல்லவிருக்கும் பழைய மாணவர்க்கும் இளையோர்க்கும் சில சொல்லி அமைவோம். பிரசாதம் பெரும்பாலும் முற்பகலிலேயே தீர்ந்துவிடும். ஆதலின் காலைப் பூசைக்கே செல்லுங்கள். உச்சிக்காலத்தின் பின் பல கோயில்களிலே மாலைவரை நடை சாத்தப்பட்டிருக்கும். நெய்ப்பண்டங்களை ஒரே நாளிலே மிகுதியாக உண்ணாதீர்கள்; எம்முள் ஒருவர் அழகர்கோயிலிலே உண்ட தோசைகளுக்காக மறுநாள் முழுவதும் சுக்குநீர் பருகினார். பழனி சென்றால் பஞ்சாமிர்தம் வாங்கி வாருங்கள். மலைவாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சம்பழமும் கூடிய அது நீர் சேராதது, அடுப்பிலும் ஏறாதது. அதனாலே நாள்பட்டும் கெடாது. 2019இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. திருவில்லிபுத்தூர்ப் பாற்கோவாவும் அவ்வாண்டிலே அச்சிறப்பைப் பெற்றது.

எங்கே சென்றாலும் மூன்று வினாக்களையும் கேட்க மறவாதீர்கள். எதைச் சமைத்தனர் என்று கேட்டால் மண்ணின் வரலாறு விளங்கும். எவ்வளவு அளந்தனர் என்று கேட்டால் ஆட்சியின் வரலாறு விளங்கும். எவர்க்கு இட்டனர் என்று கேட்டால் எமது சொந்த வரலாறு விளங்கும்.

அன்று விறாந்தைக்கு அனுப்பப்பட்ட மாணவன் இன்று பழைய மாணவன். இம்மலர் அவன் கைக்கும் எட்டும். தம்பி, அன்று உன்னோடு எழுந்து வராதது எம் பிழை. அடுத்த திருவிழாவுக்கு வருவாயாயின் நாம் இருவரும் ஒரே வரிசையிலே இருப்போம். எவரேனும் அங்காலை இருக்கச் சொன்னால், இருவரும் ஒன்றாகவே எழுவோம்.